நல்ல காலுக்குக் கட்டு

நாவல் காட்டுக் குளத்தில் விலங்குகள் தண்ணீர் குடிக்கும்போது, மரத்து உச்சியில் ஒரு மந்தி காவல் இருக்கும். சிறுத்தை தெரிந்தால் குரல் கொடுக்கும். கீழே நிற்பவர்கள் ஓடித் தப்புவார்கள்.

காவல் மந்தியின் பெயர் கருமுகி. ஒருநாள் அவள் கண்ணெதிரே சிறுத்தை அவள் தங்கையைத் தூக்கிப் போனது. அதன்பின் கருமுகி மரம் ஏறவில்லை. இலை அசைந்தாலே நடுங்கினாள். பழத்தைக் கையில் வைத்தபடி தின்னாமல் இருந்தாள்.

மந்திகளின் தலைவன் நெடுவாலன் அவளைத் தனியே அழைத்தான்.

"மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் நம் கூட்டத்துக்கே கெட்ட பெயர். கால் சுளுக்கு என்று சொல்லிவிடு."

வைத்தியர் கரடியிடமும் அதையே சொன்னார்கள். கரடி பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, நல்ல காலை இறுக்கிக் கட்டியது. பத்து நாளில் கால் வீங்கியது. வேறு மந்தியைக் காவலுக்கு ஏற்றினால் கேள்வி வரும் என்று நெடுவாலன் மரத்தைக் காலியாகவே விட்டான்.

பதினோராம் நாள் சிறுத்தை வந்தது. குரல் கொடுக்க ஆள் இல்லை. எல்லாரும் மூலைக்கொருவராக ஓடினார்கள். குளக்கரையில் உட்கார்ந்திருந்த கருமுகியால் ஓட முடியவில்லை. தடிச்சி என்ற காட்டுப்பன்றி அவள் கால்கட்டைக் கவ்வி முட்புதருக்குள் இழுத்தாள். முள்ளுக்குப் பயந்து சிறுத்தை திரும்பிவிட்டது.

இழுத்த இழுப்பில் கட்டு அவிழ்ந்தது. தடிச்சி உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, கட்டு இறுக்கியதில்தான் வீங்கியிருக்கிறது. காலில் சுளுக்கே இல்லையே?"

"இல்லை அக்கா. எனக்குப் பயம். கண்ணை மூடினால் தங்கை கத்துவது கேட்கிறது."

"இதற்கா இத்தனை மூங்கில்? குட்டி செத்தபோது நானும் இரண்டு மாதம் சேற்றைவிட்டு எழவில்லை. எங்கள் ஆட்கள் பல்வலி என்று சொல்லி வைத்தார்கள். கரடி என் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டது."

வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். பல நாளுக்குப் பிறகு கருமுகி சிரித்தாள்.

இருவரும் கரடியிடம் உண்மையைச் சொன்னார்கள். கரடி கொஞ்சம் கோபித்துக்கொண்டது. பிறகு, காவலுக்கு வேறு மந்தியை ஏற்றச் சொன்னது. கருமுகியைத் தினமும் வந்து மனம்விட்டுப் பேசச் சொன்னது. துணையோடு நாளுக்கு ஒரு கிளை ஏறினால் போதும் என்றது. பயம் மெல்லத்தான் குறைந்தது, ஆனால் குறைந்தது.

செய்தி குளம் முழுக்கப் பரவியது. கேலியை எதிர்பார்த்து நெடுவாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்மான் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது.

"எங்கள் கூட்டத்தில் ஒருத்தி ஆறு மாதமாகக் கண்வலி என்று படுத்திருக்கிறாள். அவளையும் கரடியிடம் அழைத்துப் போகலாமா?"

மனத்தின் நோயை மறைத்து வேறொரு நோயைச் சொன்னால், மருந்தும் தவறான இடத்துக்கே போய்ச் சேரும்.