ஒரு ஓல்சிகு

"பதினோரு வருஷமாப் பாடுறேன். ஒரு தடவைகூட 'ஓல்சிகு' சொல்லலையே, குருவே!"

போக்சுன் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

கொரியாவின் பான்சோரிப் பாட்டில் கையில் விசிறியோடு பாட ஒருத்தி, முரசுக்கு ஒருவர், அவ்வளவுதான் கச்சேரி. பாட்டு பிடித்தால் முரசுக்காரர் "ஓல்சிகு!" என்று கத்துவார். நம் ஊர் சபாஷ் மாதிரி.

குரு தோக்சு முரசில் கெட்டிக்காரர். ஒரு அடி தப்பாது. வாய் மட்டும் திறக்காது.

அவர் முன்பு அரண்மனை இசைக்குழுவில் இருந்தவர். அரண்மனை இசைக்கு நடுவே யாரும் கத்தக் கூடாது. அந்தப் பழக்கம்தான் போகவில்லை என்று போக்சுன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அருவியின் முன் நின்று தொண்டையில் ரத்தம் வரக் கத்தினாள். வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பினாள். பைத்தியக்காரி!

குரு அவளையே பார்த்தார்.

"ஒரு தடவைகூடக் கேட்கலையே" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டு வாங்குறதுக்குப் பேரு பாராட்டா? வெட்கமா இல்ல?"

முதல் நாளே அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. என்னைப் பார்த்துத்தான் பாட வேண்டும், விசிறியால் வாயை மறைக்கக் கூடாது.

போய்யா, நீயும் உன் சட்டமும்!

போக்சுன் முதுகைக் காட்டி நின்றாள். சுவரைப் பார்த்துப் பாடினாள். தாயைப் புதைத்துவிட்டுத் திரும்பும் மகளின் பாட்டு. அப்படி அவள் என்றுமே பாடியதில்லை. அவளுக்கே தெரிந்தது.

முரசு ஒலிக்கவில்லை.

சபாஷ் சொல்லத்தான் வேண்டாம், தாளம் போடக்கூடவா கை வரவில்லை? அழுதுகொண்டே பாடி முடித்தாள். வாசலில் போன காய்கறிக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஓல்சிகு!" என்று கத்தினாள்.

போக்சுன் திரும்பினாள்.

குரு முரசுக் குச்சியை ஓங்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

"கோபம் தீர்ந்துச்சா?" என்றார். "சரி, ஆரம்பி."

அவள் கையிலிருந்த விசிறி விழுந்தது. குரு குனிந்து பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக்சுன் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எத்தனை வருஷமா?"

"நீ இங்க வர்றதுக்கு முந்தின மழைக்காலத்துல இருந்து" என்றார் குரு.