தங்கச்சிக்குக் கொண்டுபோன பலாப்பழம்

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்துக்குத் தலைவி செண்பகத்தம்மா. அவளுக்கு நாற்பது வயசு. சீடன் பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தேழு. வயசைப் பார்த்தா ஞானம் வருது?

ஆனி மாசம். மடத்துப் பலாமரங்களில் அடியிலிருந்து உச்சிவரைக்கும் பழம். மரங்களெல்லாம் பொன்னுரங்கம் பொறுப்பு. அந்த ஒரு மாசம் யார் கூப்பிட்டாலும் அவன் மடத்து வாசல் தாண்ட மாட்டான்.

ஒருநாள் விடிகாலையில் போன் வந்தது. செண்பகத்தம்மாதான் எடுத்தாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு மரத்தடிக்கு வந்தாள்.

"உன் தங்கச்சி ஊர்லேருந்து போன். உன்னை உடனே வரச் சொல்றாங்க. நானும் வரேன்."

"தவமணிக்கு இன்னும் காய்ச்சல் விடலியாம்மா?"

"கெளம்பு."

படுத்திருப்பவளைப் பார்க்க வெறுங்கையோடா போவது? கமகமவென்று பழுத்த ஒன்றாகப் பார்த்து இறக்கித் தோளில் வைத்தான்.

"இந்தப் பழம்னா அவளுக்கு உசுரும்மா. ஒரு சுளை வாயில போட்டா எந்திரிச்சு உக்காந்துருவா, பாருங்க!"

அம்மா பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மூன்று மணி நேரப் பயணம். பஸ் மாறுகிற இடத்தில் அம்மா மட்டும் ஒரு கடைக்குள் போய்விட்டு வந்தாள். அடுத்த பஸ் முழுக்கப் பலா வாசனை. "யாருக்குண்ணே இம்புட்டுப் பெரிய பழம்?" என்றார் கண்டக்டர். "தங்கச்சிக்கு" என்று பல்லைக் காட்டினான், பாவி.

தெருமுனை திரும்பியதும் பறைச் சத்தம். தங்கச்சி வீட்டு வாசலில் பந்தல்.

ஐயோ! தோளில் பழம். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழவு வீட்டுக்குப் பழத்தோடு வந்த அண்ணனை யார் கண்டிருக்கிறார்கள்? ஒப்பாரிகூட ஒரு நிமிஷம் நின்றுபோனது.

தவமணியின் மாமியார் எழுந்து வந்தாள். "பொறந்த வீட்டுக் கோடிச் சேலை எங்கப்பா? அதுக்காகத்தானே இன்னும் எடுக்காம வெச்சிருக்கோம்!"

செண்பகத்தம்மா தன் பையிலிருந்து ஒரு புதுச் சிவப்புச் சேலையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

சேலையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

பழத்தைத் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே ஓடினான். தங்கச்சிமேல் சேலையைப் போர்த்திவிட்டு ஓவென்று கதறினான். அழுது அழுது தொண்டை கட்டியபிறகு கோபம் வந்தது. மூணு மணி நேரம்! பக்கத்துலேயே உக்காந்து வந்தாளே! என்னைக் கோமாளி மாதிரி பழத்தைத் தூக்கிட்டு வரவிட்டாளே! இவளா எனக்குக் குரு?

வெளியே வந்தால், அதைவிடக் கொடுமை. எதிர்வீட்டு நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, அம்மா பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள்!

"பொணம் வீட்டுல கெடக்கையில பழம் அறுக்கிறாளே! சாமியாரா இவ?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எதிரே தவமணியின் இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு நாலு. பிணத்தை எடுக்கிறவரைக்கும் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பெரியவர்கள் கடைக் காப்பியைக் குடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நேற்று மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இதுகள் ஏதாவது தின்றதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சின்னவள் இரண்டு கையிலும் சுளையை வைத்துக்கொண்டு மென்றாள். பெரியவளுக்குக் கன்னமெல்லாம் பழச்சாறு ஒழுகியது.

"மாமா, இன்னும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்றாள் சின்னவள்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினான்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லலே? கூடவேதானே வந்தீங்க! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

செண்பகத்தம்மா ஒரு சுளையைப் பிய்த்து, கொட்டையை எடுத்துவிட்டுச் சின்னவளிடம் கொடுத்தாள்.

"சொல்லியிருந்தா, பழத்தை மடத்துலயே வெச்சுட்டு வந்திருப்பே."