வாயசைக்கும் வரிசை

பாட்டு டீச்சர் மங்கையர்க்கரசி தன் ஆசிரியர் தாணுலிங்கத்தின் வீட்டுக்குப் போனபோது குழுப்பாட்டுப் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தாறு, அவருக்கு எழுபத்திரண்டு. அவள் இப்போது வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில்தான் அவர் முப்பத்து நாலு வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தார்.

"என்ன கணக்கு?" என்றார் தாணுலிங்கம். யார் என்ன கேட்டு வந்தாலும் அவர் முதலில் இதைத்தான் கேட்பார்.

"நாலாம் வகுப்பு. முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. முன்னால மூணு வரிசை, பத்துப் பத்து முப்பது. கடைசி வரிசையில எட்டு."

"எட்டும் புள்ளியா?"

"எட்டும் புள்ளி சார்."

புள்ளி என்பது அவர் கண்டுபிடித்த முறை. ஜூன் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் சுருதிப் பெட்டி முன் தனியாக நின்று ஓர் அடி பாட வேண்டும். யார் குரல் சுருதியில் சேரவில்லையோ, நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த பிள்ளைகள் கடைசி வரிசை. யாரையும் வெளியே அனுப்புவதில்லை. மேடையில் எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே பூ. கடைசி வரிசை வாயை மட்டும் அசைக்கும். பெற்றோர்கள் தங்கள் பிள்ளையை மேடையில் பார்த்துச் சந்தோஷமாகப் போவார்கள். இந்த முறையில் அவர் பள்ளிக்குப் பதினேழு கேடயம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஓய்வு பெறும் வரை குறை சொன்ன பெற்றோர் ஒருவர்கூட இல்லை.

"அப்புறம் என்ன?"

"ஏழு பேர் சொன்னபடி கேக்குறாங்க. அபிஷான்னு ஒருத்தி மட்டும் பாடிடுறா."

"எத்தனை அடி?"

"பதினாறு அடியில நாலஞ்சு அடி சார்."

"நாலா, அஞ்சா?"

மங்கை மனசுக்குள் பாட்டை ஓட்டிப் பார்த்தாள்.

"எண்ணாம எப்படி வகுப்பு நடத்துறே?"

"அவ ஒருத்தி போதும் சார், மத்த முப்பது பேரையும் இழுத்துக்கிட்டுப் போயிடுவா. திட்டிப் பாத்தேன். பக்கத்துலயே நின்னு பாத்தேன். போட்டியன்னைக்கு லீவு போடச் சொல்லலாம்னு பாத்தா, அவங்க அப்பா உடுப்புக்கு அளவு கொடுத்துட்டுப் போயிட்டார். கேடயம் வந்தாத்தான் அடுத்த ஜூன்ல பாட்டு வகுப்புன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. இல்லேன்னா அந்த ரெண்டு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்திருவாங்க. நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சரி."

"அடிக்காம, அழவைக்காம, ஒரு பிள்ளை வாயை எப்படி சார் மூடுறது?"

"வாயை மூடக் கூடாது. மூடினா நடுவர் பாத்துருவார்" என்றார் தாணுலிங்கம். "நாளைக்கு வர்றேன்."

மறுநாள் அவர் பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வகுப்பறைக்குள் வந்தார். நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. கடைசி வரிசையில் அபிஷாவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மங்கை கையை மூடிக் காட்டினாள். சத்தம் நின்றது. கையை விரித்துக் காட்டினாள். பாட்டு தொடங்கியது.

வகுப்பு நாற்பது நிமிடம். மூச்சுக்கு ஐந்து, சுரத்துக்குப் பத்து, பாட்டுக்கு இருபது, வரிசை கலைந்து வெளியே போக ஐந்து. அவர் வகுத்துக் கொடுத்தது. ஒரு நிமிடம் பிசகாமல் அப்படியே நடந்தது.

மழையைப் பற்றிய பாட்டு. அவரும் சேர்ந்து பாடினார். வயதான குரல், மேலே போகும்போது இரண்டாகப் பிளந்தது.

அபிஷா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, உங்களுக்கும் புள்ளியா?"

"ஆமா."

"அப்போ சத்தம் வரக் கூடாது. சும்மா வாயை மட்டும் ஆட்டணும்."

"நீ மட்டும் பாடுறியே?"

"நான் வேணும்னு பாடலை. நல்லாத்தான் ஆட்டிக்கிட்டு இருப்பேன். மழை ஓட்டு மேல விழுற இடம் வந்தா மறந்து போயிரும்."

"என்ன மறந்து போகும்?"

"பாடக் கூடாதுங்கிறது."

தாணுலிங்கம் குனிந்தார். முட்டி வலித்தது போலும், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"மறக்காம இருக்க ஒரு வழி சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நாக்கை மேல ஒட்டி வை. அண்ணத்துல. ஒட்டிட்டியா? இப்ப உதட்டை மட்டும் அசை. மூச்சை மூக்கு வழியா விடு."

அவள் செய்து பார்த்தாள். முதல் தடவை மூன்று அடியில் சத்தம் வந்துவிட்டது. இரண்டாம் தடவை ஓர் அடியில். அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை மழை ஓட்டின் மேல் விழும் இடத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பதினாறு அடியும் சத்தமில்லாமல் போயின.

"வந்துருச்சு தாத்தா" என்றாள் அபிஷா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கெட்டிக்காரி."

வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே போன பிறகு மங்கை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் தடுக்கவில்லை.

போட்டியில் அந்தப் பள்ளி முதலிடம் பெற்றது. நடுவர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்த சின்னப் பெண்ணின் முகபாவத்தைத் தனியாகப் பாராட்டினார். தலைமையாசிரியை அறையில் பதினேழு கேடயங்களுக்குப் பக்கத்தில் பதினெட்டாவது வைக்கப்பட்டது. மங்கையின் வேலை உறுதியானது. அடுத்த வருடத்துக்கான புதிய நோட்டைத் தலைமையாசிரியையே தன் கையால் கொடுத்தார்.

இருபத்திரண்டு நாள் கழித்துச் சத்துணவுக் கணக்கு இடித்தது.

நாலாம் வகுப்பில் வந்தவர்கள் முப்பத்தேழு. சாப்பிட்டவர்கள் முப்பத்தெட்டு. மூன்று நாளாக இதே கதை. சமையல்கார அம்மா தலைமையாசிரியையிடம் போய் நின்றாள். "ஒரு தட்டு கூடுதலா போகுதுன்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. டீச்சர்மார் வாய்க்கணக்கை நம்பி நான் அரிசி போட முடியாது."

தலைமையாசிரியை வகுப்புக்கே வந்தார். வகுப்பாசிரியை ஸ்டெல்லாவை மறுபடியும் பெயர் வாசிக்கச் சொன்னார். ஸ்டெல்லா எப்போதும் போலக் குனிந்து வாசித்தாள். அபிஷா பெயர் வந்தது. பதில் வரவில்லை. ஸ்டெல்லா 'வரவில்லை' என்று குறிக்கப் போனாள்.

"நிமிந்து பாருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை.

அபிஷா இரண்டாவது பெஞ்சில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடுகள் 'உள்ளேன் டீச்சர்' என்று அசைந்தன.

"சத்தமா சொல்லு."

உதடுகள் இன்னும் பெரிதாக அசைந்தன.

இடைவேளையில் மங்கை அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அபிஷா எப்போதும் போலப் பேசினாள். காலையில் சாப்பிட்ட இடியாப்பத்தைப் பற்றிக்கூடச் சொன்னாள்.

"வகுப்புல ஏன் 'உள்ளேன்' சொல்லலை?"

"சொன்னேனே டீச்சர்."

"சத்தம் வரலையேம்மா."

"எனக்குக் கேட்டுச்சே."

மங்கை அவளைப் பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். சுருதிப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. "யாரும் இல்லை. நீயும் நானும்தான். மழை ஓட்டு மேல விழுற இடத்தை மட்டும் பாடு. எப்படி வேணும்னாலும் பாடு."

அபிஷா நேராக நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். வாய் திறந்தது, அசைந்தது, மூடியது.

"பாடும்மா. டீச்சர்தானே சொல்றேன்."

"இல்ல டீச்சர்" என்றாள் அபிஷா. "இப்பல்லாம் நான் மறக்குறதே இல்ல."

அன்று சாயங்காலம் மங்கை தாணுலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள்.

"என்ன கணக்கு?"

"மூணு நாள் சார். மூணு நாள் வகுப்புல உக்காந்துகிட்டு இருந்த பிள்ளை வரலைன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு கேட்டாள்: "எப்படி சார் திரும்ப வரவைக்கிறது? உங்க முறை. அதுக்கும் ஒரு வழி வச்சிருப்பீங்க."

தாணுலிங்கம் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்து நாள் கொடு" என்றார்.

"போட்டிக்கு முன்னால ஒரே நாள்தான் கேட்டீங்க."

"அது எனக்குத் தெரிஞ்ச வேலை."

அவள் போன பிறகு அவர் பீரோவிலிருந்து முப்பத்து நாலு நோட்டையும் எடுத்துத் தரையில் அடுக்கினார். வருடவாரியாகச் சிவப்புப் புள்ளிகளை எண்ணினார். சந்தேகம் வந்து இரண்டாம் முறையும் எண்ணினார். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதினோராவது நாள் மங்கை வந்தாள். புதிய நோட்டும் அவள் பையில் இருந்தது. அவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தாள் மடியில் இருந்தது.

"இருநூத்தி அறுபத்து மூணு புள்ளி" என்றார். "அதுல இப்ப ஊருக்குள்ள இருக்கிறது முப்பத்தொண்ணு. நான் போனது பதினாலு வீடு."

"எதுக்கு சார் போனீங்க?"

"யாருக்காவது திரும்ப வந்திருந்தா, எப்படி வந்ததுன்னு கேட்டுட்டு வந்து உனக்குச் சொல்லலாம்னுதான்."

"வந்திருக்கா?"

"எல்லாரும் என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னாங்க. காப்பி கொடுத்தாங்க. பதினாலு காப்பி. ஒருத்தரும் என்னைக் குறை சொல்லலை."

"பாடுறாங்களா சார்?"

"ஒருத்தன் கோயில்ல பஜனைக்கு முதல் ஆளா வந்து உக்காருவானாம். தாளம் தட்டுவானாம். அவ்வளவுதான். ஒருத்தி ஸ்கூல்ல ஆயாவா இருக்கா. தேசிய கீதத்துக்கு அட்டென்ஷன்ல நிப்பேன் சார்னு சொன்னா. நின்னும் காட்டினா."

மங்கை தலை குனிந்திருந்தாள்.

"பதினாலாவது வீடு சுயம்புக்கனி. நோட்டுல பன்னிரண்டாவது பேர். நல்ல துறுதுறுப்பான பிள்ளை. ரொம்ப வருஷம் கழிச்சு இப்பத்தான் பிள்ளை பிறந்திருக்கு, நாலு மாசம். தொட்டில் கம்பில போனைக் கட்டி வச்சிருந்தா. அதுல யாரோ தாலாட்டு பாடிக்கிட்டு இருந்தாங்க. ஏம்மா, நீ பாடக் கூடாதான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எனக்குத்தான் சுருதி இல்லையே சார், நீங்கதானே பாத்துச் சொன்னீங்கன்னா. கோவமா சொல்லலை. டாக்டர் சொன்னதை வீட்டுல வந்து சொல்ற மாதிரி சொன்னா."

வெளியே எங்கோ ஸ்கூட்டர் ஒன்று கிளம்பிப் போனது. மங்கை பையிலிருந்து புதிய நோட்டை எடுத்தாள். அதன் அட்டையில் தலைமையாசிரியை ஒரு சிவப்புப் பேனாவைச் செருகிக் கொடுத்திருந்தார். அதை அவர் பக்கத்தில் கட்டிலின் மேல் வைத்தாள்.

"அபிஷாவுக்கு நான் என்ன சார் செய்யட்டும்?"

தாணுலிங்கம் நோட்டைத் தொடவில்லை.

"நான் கிளம்புற வரைக்கும் சுயம்புக்கனி தொட்டிலை ஆட்டிக்கிட்டே இருந்தா" என்றார். "போன்ல வந்த பாட்டுக்கு வாயசைச்சுக்கிட்டே ஆட்டினா. பன்னிரண்டு அடி. பக்கத்துல நின்னு எண்ணினேன். ஒரு அடியிலகூடச் சத்தம் வரலை."