சம்மனசு அடித்த விசில்

ஆண் குதிரையின் மூத்திரத்தில் ஆண் ஹார்மோன் இல்லாமல் பசும்பாலா இருக்கும், நீங்களே சொல்லுங்க?

பந்தய மைதானத்துப் பெரிய அதிகாரி ரகோத்தமனுக்கு அது புரியவில்லை. பந்தயத்தில் ஜெயித்த கருப்பட்டி என்ற குதிரையின் மூத்திரத்தில் அந்த ஹார்மோன் இருந்ததாம். உடனே குதிரைக்காரன் சம்மனசை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"சதை ஏற ஊசி போட்டிருக்கே! இனிமே உனக்கு இந்த லாயத்துல வேலை கிடையாது."

"ஐயா, இது காயடிக்காத குதிரைங்க. அதுக்கு உடம்புலயே ஊறும்."

"கதை விடாதே! துளி இருந்தாலும் ஊசிதான். என் சட்டம் மனுஷனுக்கும் ஒண்ணுதான், குதிரைக்கும் ஒண்ணுதான்!"

"அப்படிங்களா?" சம்மனசு சோதனைக்கு மூத்திரம் பிடிக்கும் ஒரு புதுப் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினான். "அப்ப நீங்களும் கொடுங்க. இருந்தா நீங்களும் ஊசி போட்டவரு. இல்லேன்னா..."

மிச்சத்தைச் சொல்லாமல் விட்டான். சாணி அள்ளும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரகோத்தமன் மீசையைத் தொட்டாரே தவிர பாட்டிலைத் தொடவில்லை.

குதிரை மூத்திரம் பெய்வதற்கு லாயத்தில் மெல்ல விசிலடிப்பது வழக்கம். சம்மனசும் அவர் முன்னால் பாட்டிலை ஏந்திக் குனிந்து, அதே விசிலை அடிக்க ஆரம்பித்தான். ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரகோத்தமன் வேர்த்து விறுவிறுத்து, பக்கத்திலிருந்த குதிரை டாக்டரின் கையைப் பிடித்தார்.

"ஆண் குதிரைக்கு இயல்பா எவ்வளவு இருக்கும்னு பார்த்து மறுபடி சோதிங்க டாக்டர். அவன் வேலையிலேயே இருக்கட்டும். முதல்ல அந்த விசிலை நிறுத்தச் சொல்லுங்க!"