ஆட்சியர் இல்லாத மாவட்டம்

ஓடைக்கரைக் காலனிக்குப் போகும் தண்ணி லாரியை நிறுத்திவிடலாம் என்று மாவட்ட ஆட்சியர் முடிவுகட்டினார். மனுக்களை ஏற்றி வைத்த கணினியில் 'குடிநீர்த் தட்டுப்பாடு' என்று அவரே தேடினார். ஒரு மனுவும் வரவில்லை.

"குறையே இல்லாத மாவட்டம்! அப்படியே குறிப்பு எழுதும்மா" என்றார், மனுக்களைத் தட்டச்சு செய்யும் தற்காலிக ஊழியர் சுடர்க்கொடியிடம். அவள் வீடும் ஓடைக்கரையில்தான்.

"எழுதிடறேன் ஐயா. இன்னும் ஒன்னு தேடிக்கிறேன்." 'மாவட்ட ஆட்சியர்' என்று தட்டினாள். அதற்கும் ஒன்றும் வரவில்லை.

"மாவட்டத்துல ஆட்சியரும் இல்லைன்னு சேர்த்தே எழுதிடவாங்க?"

"என்னம்மா, கிண்டலா?"

"சனங்க 'கலெக்டரய்யா'ன்னுதாங்க எழுதுறாங்க. மிஷினுக்கு அது தெரியாது. நாமதான் சொல்லிக் கொடுக்கணும்."

நாக்கு வறண்டவன் இலக்கணம் பார்த்தா எழுதுவான்? கலெக்டரும் ஆட்சியரும் ஒன்று, தண்ணியும் குடிநீரும் ஒன்று, 'பைப்புல காத்துதான் வருது' என்றாலும் தட்டுப்பாடுதான் என்று ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். மறுபடி தேடியதும் நாலாயிரத்துப் பன்னிரண்டு மனுக்கள் வந்து நின்றன.

ஆட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. லாரி தொடர ஆவன செய்யப்படும்."

"ஐயா, 'ஆவன செய்யப்படும்'னா எங்க ஊர்ல 'ஒன்னும் நடக்காது'ன்னு அர்த்தம். அதையும் ஏத்திடவாங்க?"

ஆட்சியர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே போனை எடுத்து, அவள் காதுபட லாரி டிரைவரையே அழைத்தார்.

"ஓடைக்கரைக்கு நாளைக்கும் தண்ணி கொண்டு போப்பா."

குடிநீர் என்று சொல்லவில்லை. தண்ணி என்றுதான் சொன்னார்.