கை நனைத்த கதை

புத்திவாக்கம் என்று ஓர் ஊர். பேரிலேயே புத்தி இருக்கும்போது தனியாக வேறு எதற்கு என்று ஊர்க்காரர்கள் அதை மேற்கொண்டு தேடவில்லை. அந்த ஊரிலேயே ரொம்பப் பேர் எடுத்த வீடு பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே இருந்தது. வீட்டில் மூன்று ஆம்பளைகள். மூத்தவன் தணிகாசலம், இளையவன் ஏகாம்பரம், பெற்றவர்கள் போன பிறகு இவர்களை வளர்த்து ஆளாக்கிய தாய்மாமன் துலுக்காணம். வளர்த்தார், அதில் சந்தேகமில்லை. ஆளாக்கினாரா என்பது வேறு பேச்சு.

துலுக்காணத்துக்கு ஐம்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை. பெண்களுக்கு அவர் அருமை தெரியவில்லை என்பது அவர் கட்சி. தெரிந்துதான் ஒதுங்கினார்கள் என்பது ஊர் கட்சி.

தணிகாசலத்துக்கு முப்பத்தாறு. இதுவரை ஏழு பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டுக் கை நனைக்காமலே போய்விட்டார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. சம்பந்தம் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி, அப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

எட்டாவதாக அமைந்தவள் குணசுந்தரி. பக்கத்து ஊர் ரேஷன் கடையில் பில் போடுகிறவள். அவளைப் பார்ப்பதற்காகவே தணிகாசலம் ஒரே மாசத்தில் நாலு தடவை சர்க்கரை வாங்கப் போனான். மாசத்துக்கு ஒரு தடவைதான் சர்க்கரை என்று நாலு தடவையும் பொறுமையாகச் சொன்னவள், நாலாவது தடவை சிரித்தும்விட்டாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

அவள் அப்பா பச்சையப்பன் போனில் கறாராகப் பேசினார்.

"பொண்ணு நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறா. வீட்டுக்கு வந்து அடுப்படியிலயும் தனியா நிக்க முடியாதுங்கிறா. மாப்பிள்ளைக்கும் சமைக்கத் தெரியணுமாம். விருந்தெல்லாம் வேண்டாம். சாதம், பருப்பு, ரசம், ஒரு பீன்ஸ் பொரியல். எல்லாம் மாப்பிள்ளை கையாலதான் நடக்கணும். ஞாயித்துக்கிழமை வர்றோம். இலையைப் பார்ப்போம், மனசுக்குப் பிடிச்சா கை நனைப்போம்."

தணிகாசலத்துக்குச் சாதம் வடிக்கத் தெரியும். மீதிக்கு அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா அம்சாவுக்குப் போன் போட்டான். அவள் கடகடவென்று சொல்லச் சொல்ல, ஏகாம்பரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதினான். கடைசியாக அவள் "ஐயோ, பால் பொங்கிடுச்சு! வைடா போனை!" என்று கத்தினாள். அதையும் எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் கூடினார்கள்.

"எதுல ஆரம்பிக்கலாம் மாமா?" என்றான் தணிகாசலம்.

துலுக்காணம் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "பால் பொங்கறதுன்னு ஒண்ணு இருக்கே, அது மங்களம்டா. அதைக் கடைசியில போய் எழுதியிருக்கான் பாரு, அவசரக்குடுக்கை. முதல்ல அதை முடிப்போம்."

பாலைக் காய்ச்சினார்கள். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஏகாம்பரம் அடுத்த வரியைப் படித்தான். "வைடா போனை."

"எதுல வைக்கிறது?"

"பால் பொங்கினதும் போனை வைன்னா பாலுக்குள்ளதான் வைக்கணும். சாமிக்கா வைப்பாங்க?" என்றார் மாமா.

தணிகாசலத்துக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்க இது நேரமா? போனைப் பாலில் வைத்தான். போன் ஒரு தடவை 'ங்ங்' என்று முனகிவிட்டு அடங்கியது. அக்காவிடம் மறுபடி ஏதாவது கேட்பதற்கு இருந்த ஒரே வழியும் அத்தோடு முடிந்தது.

அடுத்தது பருப்பு. "குக்கர்ல வை, மூணு விசில் வந்ததும் இறக்கிடு" என்று தாளில் இருந்தது. வைத்தார்கள். குக்கரைச் சுற்றி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து எதிரே டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் நிறுத்த ஒரு விசில் கொடுத்தார். ஆள் ஏறியதும் கிளப்ப இரண்டு விசில் கொடுத்தார்.

"மூணு!" என்று குதித்தான் ஏகாம்பரம்.

"அது பஸ் விசிலாச்சேடா" என்றான் தணிகாசலம்.

"எங்கிருந்து வரணும்னு அக்கா சொல்லலையேண்ணா. மூணு வரணும், வந்துடுச்சு. இதுக்குமேல வச்சா கணக்கு நாலாயிடும், அப்புறம் நான் பொறுப்பில்லை."

இறக்கினார்கள். பருப்பு கடையில் வாங்கின அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, கொஞ்சம் ஈரம் மட்டும் கூடுதல்.

பொரியலுக்கு பீன்ஸைப் பொடியாக நறுக்கினான் தணிகாசலம். "பச்சை வாசனை போற வரைக்கும் வதக்கு" என்றது தாள். வாசனை பார்க்கிற பொறுப்பைத் துலுக்காணம் ஏற்றுக்கொண்டார். அவருக்கு மூன்று நாளாக ஜலதோஷம், மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. வாணலி மேல் குனிந்து பலமாக இழுத்தார்.

"வாசனையே இல்லையேடா. போயே போச்சு. இறக்கு."

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலை மாமா."

"நல்லதாப் போச்சு, கேஸ் மிச்சம்."

பிறகு உப்பு. "உப்பு பார்த்துப் போடு." இங்கேதான் பெரிய விவாதம் வந்தது.

"எவ்வளவு நேரம் பார்க்கணும்?" என்றான் தணிகாசலம்.

"நேரம் போடலை" என்றான் ஏகாம்பரம். "பார்த்துப் போடுன்னு மட்டும்தான் இருக்கு."

தணிகாசலம் உப்பு ஜாடியைத் திறந்து கண் கொட்டாமல் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரு கரண்டி போட்டான். "நீ பார்த்தது பத்தாதுடா, உனக்கு மனசு அவ மேல இருக்கு" என்று மாமா வாங்கி ஐந்து நிமிஷம் பார்த்து ஒரு கரண்டி போட்டார். மூன்று பேரில் தான் மட்டும் பார்க்கவில்லை என்று யாரும் பின்னால் பேசிவிடக் கூடாதே என்று ஏகாம்பரமும் பார்த்துப் போட்டான். இதே மரியாதை பருப்புக்கும் ரசத்துக்கும் நடந்தது. உப்பை அவ்வளவு கவனமாகப் பார்த்த குடும்பம் அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ரசம்தான் அவர்களைப் படாத பாடு படுத்திவிட்டது. "நுரை கட்டினதும் இறக்கிடு" என்று எழுதியிருந்தது. நுரை வந்தது. அழகாக, மஞ்சளாக, பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிப் பொங்கி வந்தது.

"கட்டுடா!" என்று கத்தினார் மாமா.

"எதால மாமா கட்டறது?"

"பூக்கட்டுற நார் இருக்கா பாரு!"

ஏகாம்பரம் வாழைநாரோடு ஓடி வந்தான். இரண்டு பேர் பிடிக்க, தணிகாசலம் முடிச்சுப் போட்டான். நுரை நழுவியது. மறுபடி போட்டான், மறுபடி நழுவியது. விரலெல்லாம் சுட்டது. குணசுந்தரியின் முகத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான், பாவம். "இறுக்கிக் கட்டுடா, கல்யாணம் கட்டப்போறவன் ஒரு நுரையைக் கட்டத் தெரியாம நிக்கிறியே" என்று மாமா திட்டினார். அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு பாத்திரத்தில் ரசம் இல்லை. அடியில் கறுப்பாக ஒரு பிசின் இருந்தது, நடுவில் ஒரு நார் கிடந்தது.

"நார் கெட்டியா இருக்கு. கட்டின மாதிரிதான்" என்று தீர்ப்புச் சொல்லி இறக்கினார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே வரி. "கடைசியா கடுகு தாளிச்சுக் கொட்டிடு." தணிகாசலம் எண்ணெய் காயவைத்து, கடுகு போட்டு, அது படபடவென்று வெடித்ததும் கறிவேப்பிலை, மிளகாய், பெருங்காயம் எல்லாம் போட்டான். அன்றைக்குச் சாதத்துக்கு அடுத்தபடி உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். வீடே கமகமவென்று மணத்தது.

"நல்லாத்தானே வந்திருக்கு, எதுக்குக் கொட்டணும்?" என்றான் தணிகாசலம்.

"அக்கா சொன்னா காரணம் இருக்கும்ணா" என்றான் ஏகாம்பரம். கொல்லைப்புறம் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார்கள்.

பச்சையப்பனும் குணசுந்தரியும் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இலை போட்டாயிற்று. சாதம் மல்லிகைப்பூவாட்டம் உதிர்ந்து விழுந்தது. அதைப் பற்றி அம்சா ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நன்றாக வந்திருந்தது. பக்கத்தில் பருப்பு கலகலவென்று விழுந்தது. பச்சை பீன்ஸின் மேல் உப்பு பளபளத்தது. ரசத்தைக் கரண்டியால் பெயர்த்து வைத்தார்கள், நாரோடு.

பச்சையப்பன் இலையையே ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நாங்க கை நனைக்கலைங்க. கிளம்புறோம். குணா, எழுந்திரும்மா."

குணசுந்தரி எழுந்தாள். போகிற போக்கில் தணிகாசலத்தின் சுட்ட விரல்களைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், அப்பா முறைத்ததும் வாசலுக்கு நடந்தாள்.

அடுப்படிக்குள் தணிகாசலம் உடைந்துபோய்விட்டான். "ஏழு பேர் போனப்பக்கூட எனக்கு இப்படி இல்லை மாமா. இவ போனா என்னால தாங்க முடியாது."

"அழாதேடா" என்றார் துலுக்காணம். "அவர் வாயால என்ன சொன்னார்? கை நனைச்சா சம்பந்தம். எதுல நனைக்கணும்னு சொன்னாரா?"

ஏகாம்பரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எழுதலை மாமா."

"யார் நனைக்கணும்?"

"எல்லாம் மாப்பிள்ளை கையாலதான் நடக்கணும்னாரு."

அவ்வளவுதான். பச்சையப்பன் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தணிகாசலம் நிரம்பிய பக்கெட்டோடு ஓடிப்போய் நின்றான். எந்தக் கை என்று அவர் சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று தலையிலிருந்து ஊற்றினான்.

"நனைஞ்சாச்சு! சம்பந்தம் முடிஞ்சாச்சு!" என்று மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

பச்சையப்பன் ஊரே கூடும்படி கத்தினார். அவர் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. குணசுந்தரியோ சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்த நாலாவது சர்க்கரைச் சிரிப்பைச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நனைஞ்சுதான்பா இருக்கு. பேச்சு மாறக் கூடாது."

"உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு? அந்த ரசத்தைப் பார்த்தே இல்ல?"

"சமையல் ஒரு வாரத்துல வந்துடும்ப்பா. சொன்னதைச் சொன்னபடி கேக்கற ஆம்பளை இன்னொருத்தன் கிடைப்பானா? நீங்க அம்மா சொன்னதை ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

பச்சையப்பன் தோள் துண்டைப் பிழிந்து கையைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க!" என்று மூன்று பேரும் அலறிக்கொண்டு பாய்ந்தார்கள். "துடைச்சா சம்பந்தம் போயிடும்!"

முகூர்த்தம் இருபத்தோரு நாள் கழித்து. அந்த இருபத்தோரு நாளும் ஒருவர் மாற்றி ஒருவர் சொம்பும் கையுமாகப் பச்சையப்பன் பின்னாலேயே திரிந்தார்கள். கை கொஞ்சம் காய்ந்தால் போதும், ஒரு கை தண்ணீர் ஊற்றினார்கள். மணமேடையில் ஐயர் "பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுங்கோ, கையில தீர்த்தம் விடணும்" என்றதும், மனுஷன் "இன்னுமா?" என்று கேட்டுவிட்டார்.

தாலி ஏறியது. தணிகாசலம் தாலியை மூன்று முடிச்சும் நழுவாமல் கட்டினான், நுரையில் பழகிய கை. மாமா பெரிய மனசு பண்ணி, சம்பந்திக்குத் தன் கையாலேயே துண்டு கொடுத்தார். இருபத்தோரு நாளில் முதல் தடவையாகப் பச்சையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தியில் போய் உட்கார்ந்தார். வெந்த பருப்பு, தேங்காய் தூவிய பொரியல், கிண்ணத்தில் மிதமான சூட்டில் மிளகு ரசம். நாக்கில் எச்சில் ஊற, சோற்றில் கை வைக்கப் போனார்.

துலுக்காணம் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம் சம்பந்தி! எங்க வீட்ல இன்னும் ரெண்டு பேர் கல்யாணம் ஆகாம இருக்கோம். மறுபடியும் கை நனைச்சீங்கன்னா இன்னொரு பொண்ணு கொடுக்கணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது!"

"எனக்கு ஒரே பொண்ணுதான்யா!" என்று கதறினார் பச்சையப்பன். "இனிமே எங்க வீட்ல மிச்சம் இருக்கிறது, கல்யாணமே வேண்டாம்னு ஐம்பத்தஞ்சு வருஷமா உட்கார்ந்திருக்கிற எங்க அக்கா ஒருத்திதான்!"

துலுக்காணம் யோசித்தார். மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார். பிறகு பிடித்த பிடியை விடாமல், சம்பந்தியின் கையை மெதுவாகக் கொண்டுபோய் ரசக் கிண்ணத்தில் மணிக்கட்டு வரைக்கும் முக்கினார்.