நாத்தம் இல்லாத ஊர்

எங்க ஊர்ல நாத்தமே கிடையாதாம். அதிகாரி எழுதிக்கிட்டுப் போயிட்டார். எலும்பு அரைக்கிற ஆலை இருபது வருஷத்துக்கு மேலா ஊருக்கு மேற்கால ஓடுது. இப்ப இன்னொண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியே கட்டப்போறாங்க. அதுக்குத்தான் விசாரணை. "நாத்தம் அடிக்குதா?"ன்னு வீடுவீடா கேட்டார். "இல்லையே சார்"ன்னோம். நானும்தான் சொன்னேன். 

நான் செண்பகவல்லி, மடத்துல சமைக்கிறவ. மடத்து அம்மாவுக்கு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். அவங்ககிட்ட பாடம் கேக்க அந்த வாரம்தான் குலசேகரன் ஐயா வந்து தங்கியிருந்தார். காலேஜ்ல தத்துவம் நடத்தி ரிட்டயர் ஆனவர். குருவைவிட இருபது வயசு மூத்த சீடர்.

அதிகாரி ஜீப் கிளம்பினதும் ஐயா துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டுக் கூடத்துக்குள்ள வந்தார்.

"அம்மா, ஊரே பொய் சொல்லுது!"

"பொய் இல்ல. அவங்களுக்குத் தெரியல. எனக்கும்தான் தெரியல."

"அப்ப நாத்தம் இருக்கா, இல்லையா? மனுஷனோட அனுபவத்தை விட்டுட்டு உலகம்னு ஒண்ணைப் பேசவே முடியாதுன்னு முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். இங்க அத்தனை பேர் அனுபவமும் இல்லேங்குது. என் ஒருத்தன் மூக்கு இருக்குங்குது. எதும்மா நிஜம்?"

அம்மா என்னைக் கூப்பிட்டாங்க.

"செண்பகம், நீ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மொத நாள் எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்கம்மா!" எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "பாலும் பழமும் கொடுத்தாங்க. வாயில வச்சேன், ஒரே குமட்டல். கொல்லைக்கு ஓடிட்டேன். எங்க மாமியார் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! தாலி கட்டின அன்னைக்கே மருமக வாந்தி எடுத்தா..."

சொல்லிக்கிட்டிருக்கும்போதே சிரிப்பு நின்னுபோச்சு.

"அந்த நாத்தம் எப்ப போச்சு?"

யோசிச்சுப் பார்த்தேன். "தெரியலம்மா. ஒரு மாசம் இருக்கும்."

ஐயா விடுவிடுன்னு போய் மனு எழுதிக்கிட்டு வந்தார். ஒரே தாள். பேனா அழுத்தின அழுத்தத்துல ரெண்டு இடத்துல கிழிஞ்சிருந்துச்சு. "பொணம் அழுகுற நாத்தத்துல பிள்ளைங்க எப்படிய்யா படிக்கும்? நீங்கள்லாம் மனுஷங்கதானா?"ன்னு சத்தமா படிச்சுக் காட்டினார்.

"இன்னைக்கே அனுப்பிடுங்க," அம்மா சொன்னாங்க.

"ஆட்சேபம் சொல்ல நாற்பது நாள் இருக்கேம்மா. கோவத்துல எழுதினது எடுபடாது. நிதானமா, ஆதாரத்தோட எழுதித் தரேன்."

மடத்துலயே தங்கி எழுதி, நாற்பதாவது நாள் காலையில முப்பது பக்கம் கொண்டுவந்தார். துண்டு தோள்ல கிடந்துச்சு.

"நடுநிலையா எழுதியிருக்கேன்மா. நாத்தம்னு இருந்த இடத்தையெல்லாம் லேசான வாடைன்னு மாத்திட்டேன். அன்னைக்கு ஏதோ ஆத்திரத்துல கூட்டிச் சொல்லிட்டேன்னு படுது."

அம்மா முகம் சிவந்துபோச்சு. அவங்க கோவப்பட்டு நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல.

"நடுவுல ஆலை ஒருநாளாவது நின்னுச்சா ஐயா?"

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஜன்னல்கிட்ட போய் இன்னொரு தடவை இழுத்தார். 

அம்மா கையை நீட்டினாங்க.

"அந்த மொத தாளைக் கொடுங்க. அதை எழுதினவருக்கு மூக்கு இருந்துச்சு."